ஓரம் வெட்ட வேண்டாம்

சென்ற மாதம் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் 'பொன்னியின் செல்வன்' ஐந்து கட்டுகளாக என் கடைக்கு வந்தது. இப்போது கடைகளில் விற்கிற பதிப்பு அல்ல. 1950 ஒக்டோபரில் கல்கி வார இதழில் தொடங்கிய தொடரை, வாரம் வாரம் இதழிலிருந்து கழற்றி, அடுக்கி, தைத்து வைத்த வீட்டுக் கட்டு. அந்தக் காலத்தில் வாசிப்புப் பழக்கம் இருந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்படி ஒரு கட்டாவது அலுமாரியில் இருக்கும். ஒரு பக்கத்தில் ஓவியர் மணியத்தின் படம், திருப்பினால் தைலத்துக்கு ஒரு விளம்பரம்.

கொண்டுவந்தவர் வடமராட்சியில் பிறந்து கனடாவில் வாழ்கிற பெண். அம்மப்பாவின் வீட்டை விற்கப் போகிறார்களாம். "அக்கா, புது மட்டை போட்டுக் கட்டித் தாருங்கள். ஓரமெல்லாம் பழுத்துப் போயிருக்கிறது, யாரோ கிறுக்கியும் வைத்திருக்கிறார்கள். மூன்று பக்கமும் ஒட்ட வெட்டிவிடுங்கள்" என்றார். சரி என்று துண்டு எழுதிக் கொடுத்தேன்.

நான் புத்தகம் கட்டுகிறவள். கஸ்தூரியார் வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் அப்பா தொடங்கிய கடை. பாடசாலை இடாப்புகள், கோயில் கணக்குக் கொப்பிகள், பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகள் ஆகியவற்றால்தான் அடுப்பு எரிகிறது. பழைய புத்தகங்கள் வருவது மாதத்துக்கு இரண்டோ மூன்றோ. அவற்றை இரவில், கடையைச் சாத்திய பிறகு எடுத்துக்கொள்வேன். அவசரமாகச் செய்யக்கூடாத வேலை அது. முதுகுப் பக்கத்துப் பழைய பசையை ஈரத் துணியால் ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, நூலை ஒவ்வொரு தையலாக அறுக்க வேண்டும். கோதுமை மாவில் காய்ச்சி மயில்துத்தம் போட்ட பசை. அதைக் கண்டதும் கட்டியவர் தொழில் தெரிந்தவர் என்று புரிந்தது. மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. அப்படியிருந்தும் இரண்டாம் கட்டில் இராமபாணப் பூச்சி துளைத்திருந்தது. அதைப் பற்றிப் பிறகு.

தாளைத் தாளாகப் பிரித்தபோதுதான் கிறுக்கல்கள் என்று அந்தப் பெண் சொன்னவற்றை வாசித்தேன். மூன்று பேருடைய கையெழுத்து. வலப்பக்கம் சாய்ந்த பொடிப் பென்சில் எழுத்து ஒன்று. நீல மையில் உருட்டி உருட்டி எழுதியது ஒன்று. குமிழ்முனைப் பேனாவால் சிவப்பில் எழுதியது ஒன்று, அது மற்ற இரண்டுக்கும் பல ஆண்டுகள் பிந்தியது. ஒரே கதையை மூன்று பேர், மூன்று காலங்களில் வாசித்து, கதாசிரியரோடு வழக்காடியிருக்கிறார்கள். சரித்திர நாவல்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிய கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். இந்த மூவரும் ஓரத்தில் எழுதியதைப் போல என்னைப் பிடித்து உலுக்கிய விமர்சனம் வேறில்லை.

பென்சில் எழுத்து அம்மப்பாவுடையது. பருத்தித்துறைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர் என்று அந்தப் பெண் பிறகு சொன்னார். அவருக்கு அரச சூழ்ச்சிகளில் அக்கறையே இல்லை. பழுவேட்டரையர் வரும் பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன. இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' தொடங்கியதும் பென்சில் கூர்மையாகிவிடுகிறது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் புறப்படும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "மாதம் ஆடி அல்லது ஆவணி. சோளகம். கிழக்கே இழுக்கும். ஒரு பெண் தனியே வலித்துக் கரை பிடிக்க முடியாது."

இதை வாசித்ததும் எனக்கு வல்வெட்டித்துறைப் பெரியப்பாவின் குரல் கேட்டது. அவர் பாய்க்கப்பலில் போனவர். இதே குறையை, ஏறக்குறைய இதே சொற்களில், எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். கோடிக்கரைக்கும் எங்கள் வடகரைக்கும் இடையே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கடல். கதை தொடங்குவதோ ஆடிப்பெருக்கு நாளில். அந்தக் காலத்தில் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். தெற்கு நோக்கி வருகிற படகுக்கு வலப்பக்கத்தில் அடிக்கிற காற்று அது. விட்டால் வங்கக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் அங்கிருந்து இங்கே பாய் விரித்து வருவது வேறு, சோளகத்தில் துடுப்பு வலித்து வருவது வேறு. பெரியப்பாவின் ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, எங்கள் மாலுமிகளையே வைத்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை கொண்டுபோனார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர் கடலை அட்சரம் பிசகாமல் வாசிப்பார்.

கதைதானே, காற்று எந்தத் திசையில் வீசினால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சாகசக் கதையில் கடலும் ஓர் எதிரி. வில்லன் பலவீனமாக இருந்தால் கதாநாயகனின் வெற்றிக்கு மதிப்பில்லை என்போம். கடலுக்கும் அதே நியாயம்தான். எழுதுகிறவர் வசதிக்குக் காற்று அடங்கிப் போனால், படகில் இருக்கிறவர்களுக்காக எனக்குப் பயம் வராது. பயம் வராத இடத்தில் பூங்குழலியின் கைவலிமையை நான் எப்படி மெச்சுவேன்?

ஆனால் அதே பென்சில், 'சுழிக் காற்று' என்ற அத்தியாயத்தில் என்ன செய்திருக்கிறது தெரியுமா? புயலில் கப்பல் அகப்பட்டுக்கொள்கிற அந்தப் பக்கம் முழுவதற்கும் இடப்புற ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டின் அடியில் ஒரே சொல்: "சரி." துறைமுகத்தில் வேலை பார்த்து, கடலுக்குப் போனவர்களையும் திரும்பி வராதவர்களையும் கணக்கெழுதிய ஒருவர் போட்ட "சரி" அது. இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கதைக்குக் கிடைக்காது. பெரியப்பாவும் அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்ப என்னை வாசிக்கச் சொல்வார். அவருக்குக் கண் மங்கியிருந்த காலம். நான் வாசிக்க வாசிக்க அவருடைய வலது கை இல்லாத சுக்கானைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கும்.

நீல மை அம்மம்மாவுடையது. அவர் காற்றைப் பற்றியோ ஆண்டுகளைப் பற்றியோ எதுவும் எழுதவில்லை. கதையில் ஒரேயொரு ஆளைத்தான் பின்தொடர்ந்திருக்கிறார், ஊமை ராணியை. மந்தாகினி என்ற பெயர் வரும் இடமெல்லாம் நீலக் கோடு. சுந்தர சோழர் இளவரசராக இருந்த காலத்தில் பூதத் தீவில் ஒதுங்கியபோது அவருக்குத் துணையாக இருந்தவள். பிறவியிலேயே காது கேளாதவள், பேசாதவள். காவேரியில் விழுந்த குழந்தை அருள்மொழியைக் காப்பாற்றிவிட்டு மறைந்து போனவள். கடைசியில் தஞ்சை அரண்மனையில் சக்கரவர்த்தியை நோக்கி எறிந்த வேலைத் தன் உடம்பில் தாங்கி இறக்கிறாள். அந்தப் பக்கத்தில் நீல மை எழுதியிருப்பது: "இவளுக்கு ஒரு வார்த்தை கூடக் கொடுக்கவில்லையே."

இதை வாசித்துவிட்டு நான் விளக்கை அணைத்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கதையை நான் நான்கு முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை 1992இல், பதினான்கு வயதில். பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியைத் தாழ்த்தி, ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று அம்மா கணக்கு வைத்திருந்தார். தாளுக்கும் தட்டுப்பாடு. அப்பா பழைய சீமெந்துப் பைகளைத் தட்டித் துடைத்து, அவற்றின் தடித்த தாளில் மட்டை கட்டிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் எனக்கு வந்தியத்தேவனும் குதிரையும்தான். ஊமை ராணி வருகிற பக்கங்களை விரைவாகக் கடந்துபோவேன், எண்ணெய் தீர்ந்துவிடும் என்று. நாற்பது வயதுக்குப் பிறகு வாசித்தபோதுதான் அந்தப் பெண் என்னைத் தடுத்து நிறுத்தினாள்.

எங்கள் கடலிலுள்ள தீவில் கோயில் கொண்ட மாதிரி இருக்கிறவள் அவள். இலங்கையின் காட்டுவழியும் கரையும் அவளுக்குத்தான் அத்துபடி. கதை இலங்கைக்கு வரும்போது வழிகாட்டுகிறவள் அவள், ஆபத்தை முன்கூட்டி உணர்கிறவள் அவள். ஆனால் பேச்சு இல்லை. சோழ நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், விவாதிக்கிறார்கள். இந்தக் கரையின் பெண் கையாலும் கண்ணாலும் மட்டுமே பேசுகிறாள். கல்கி இதை வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் படைத்ததிலேயே மிக உருக்கமான பாத்திரம் அவள்தான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இங்கே உட்கார்ந்து வாசிக்கிற ஒருத்திக்கு அந்த மௌனம் வேறு விதமாகக் கேட்கிறது. ஆதி இடைக்காலத்தைப் பற்றிய எங்கள் சாகசக் கதைகளில் இந்தத் தீவு எப்போதும் வீரர்கள் வந்து, சோதிக்கப்பட்டு, பெருமை பெற்று, திரும்பிப் போகிற இடமாகவே இருக்கிறது. வந்தவர்கள் போன பிறகு இங்கே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

அதைத்தான் சிவப்புப் பேனா கேட்கிறது.

அது அந்தப் பெண்ணின் மாமாவினுடையது. எண்பதுகளில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவராம். அவரைப் பற்றி அந்தப் பெண் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் சில கேள்விகளை அப்படியே விட்டுவிடுவோம்.

மாமா கோபக்காரர், ஆனால் நேர்மையானவர். சரியானதைச் சரி என்று ஒப்புக்கொள்கிறார். வானதியின் தந்தை கொடும்பாளூர்ச் சிறிய வேளார் ஈழத்துப் போரில் இறந்தார் என்று வரும் இடத்தில் "உண்மை. கல்வெட்டு உண்டு" என்று எழுதியிருக்கிறார். மாதோட்டம் வரும் இடத்தில் "இராசராசபுரம்" என்று குறித்திருக்கிறார். பின்னாளில் சோழர் மாதோட்டத்துக்கு வைத்த பெயர் அது. அங்கே தாழி குமரன் என்ற சோழநாட்டு அதிகாரி இராசராசேச்சரம் என்ற கோயிலைக் கட்டி எழுதுவித்த கல்வெட்டு இருக்கிறது. சோழ வீரர்கள் பாசறையில் ஏலேல சிங்கன் கூத்து ஆடும் அத்தியாயத்தில், ஓரத்தில் "எல்லாளன். நல்ல இடம்" என்று இருக்கிறது. கூத்தில் வரும் ஏலேல சிங்கன்தான் தமிழ் மன்னன் எல்லாளன். தான் வென்ற அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி மரியாதை செய்யச் சொன்னவன் சிங்கள மன்னன் துட்டகைமுனு என்று பிக்குகள் எழுதிய மகாவம்சமே கூறுகிறது. பகைவனை மதிக்கத் தெரிந்த அந்தக் கதையைக் கல்கி தேடி எடுத்து நடுவில் வைத்தது எனக்கும் மிகவும் பிடிக்கும். சிங்கள மக்களைக் கேவலமாக எழுதாத தமிழ்ச் சரித்திரக் கதை என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் 'இலங்கைச் சிங்காதனம்' அத்தியாயத்தில் சிவப்பு மை தாளைக் கிழித்துவிடும்போல் அழுந்தியிருக்கிறது. பிக்குகள் அருள்மொழிவர்மனுக்கு இலங்கையின் மகுடத்தைக் கொடுக்க முன்வருகிறார்கள், அவர் மறுத்துவிடுகிறார். அதற்கு முன்பே, போரில் இடிந்த விகாரைகளைத் தன் வீரர்களைக் கொண்டு செப்பனிடுகிறார். ஓரத்தில்: "993ஐப் பார். 1017ஐப் பார். அநுராதபுரத்துச் சனங்கள் எங்கே?"

பதினான்கு வயதில் அந்த அத்தியாயத்தைப் பெருமையில் கண் கலங்கி வாசித்தேன். அந்தப் பெருமையை நான் இன்று மறுக்க மாட்டேன். தலைக்கு மேல் விமானம் சுற்றிய நாட்களில், எங்களுக்கும் ஒரு காலம் இருந்தது என்று ஒரு பிள்ளைக்குச் சொன்ன கதை அது. ஆனால் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். அருள்மொழி இராசராசனாக அரியணை ஏறியது 985இல். அவனுடைய படை 993 அளவில் வந்து அநுராதபுரத்தை அழித்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தலைநகராக இருந்த ஊர் அதன் பிறகு தலையெடுக்கவில்லை. சோழர் பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டுத் தங்கள் தலைநகராக்கினார்கள். 1017இல் இராசராசனின் மகன் இராசேந்திரனின் படை தெற்கே உரோகணம் வரை போய்ச் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனையும் முடியையும் கைப்பற்றியது. மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து 1029இல் சோழ நாட்டிலேயே இறந்தான். 1070இல்தான் முதலாம் விசயபாகு பொலன்னறுவையை மீட்டான். மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சத்தை எழுதிய பிக்கு சோழப் படையை இரத்தம் உறிஞ்சும் இயக்கர்களுக்கு ஒப்பிடுகிறார். அதையும் ஒரு முறை வாசித்துவிட்டு மீண்டும் சிங்காதன அத்தியாயத்துக்கு வாருங்கள். இளவரசர் கையெடுத்துக் கும்பிட்டு மறுக்கிற காட்சி இன்னும் அழகாகவே இருக்கும், ஆனால் நெஞ்சில் ஒரு கல்லும் சேர்ந்து ஏறும்.

போர் முடிந்து பாதை திறந்த பிறகு பொலன்னறுவைக்குப் போனேன். வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிறிய கற்கோயில், தஞ்சைச் சாயலில், கூரை குலையாமல் நிற்கிறது. உள்ளே போய்க் கும்பிட்டேன். வெளியே வந்தபோது பாடசாலைப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று ஆசிரியையின் பின்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் சிங்களத்தில் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று எனக்கு முழுவதும் விளங்கவில்லை. 'சோழ' என்ற சொல் மட்டும் இரண்டு தரம் கேட்டது. அந்தக் குரலில் எங்கள் கதைகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மினுக்கம் இல்லை. அன்றைக்குத்தான் சிவப்புப் பேனாவின் கேள்வி, அதை வாசிப்பதற்கு வெகு காலம் முன்பே, என்னிடம் வந்துவிட்டது.

மாமாவிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. அவர் அழிவை மட்டும் எழுதுகிறார். திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கவும் பசுக்கள் கொடுக்கவும் தமிழில் எழுதிய கல்வெட்டுகள் ஒரு பௌத்தப் பள்ளியில் கிடைத்திருக்கின்றன. எரித்தவர்களும் விளக்கு வைத்தவர்களும் ஒரே காலத்தவர்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான் எனக்கு ஒரு நாவல் வேண்டும்.

கடையில் எனக்கு உதவியாக இருக்கிற தம்பிக்கு வயது பத்தொன்பது. அவன் வாசிப்பதெல்லாம் கைபேசியில், ஆங்கிலத்தில். வடகடல் கொள்ளையர்கள், பறவை நாகங்கள், சாபம் பெற்ற வாள்கள். மாயமும் சரித்திரமும் கலந்த கதைகள் அவனுக்கு உயிர். கொள்ளிவாய்ப் பேய் வருகிற கோடிக்கரைச் சேற்றுப் பள்ளத்தைக் காட்டினேன், பிடித்துக்கொண்டான். ஆனால் அவனுடைய தீர்ப்பு, சண்டைக்குச் சாண்டில்யனின் 'கடல் புறா'வே மேல் என்பது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கப்பலை எப்படித் திருப்பினார்கள், எந்தப் பக்கம் தீ அம்பு எய்தார்கள் என்று வரைபடம் போட்ட மாதிரி விளங்கும். நாயகன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப்பரணி பாடுகிற அதே படைத்தலைவன். அவன் இங்கே வந்து உப்பு ஏற்றுவதற்காக வெட்டுவித்ததுதான் தொண்டைமானாறு என்று எங்கள் பக்கத்துச் செவிவழிக் கதை. சந்நிதி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா அந்த ஆற்றைக் காட்டி, "கடல் புறா இங்கேதான் நின்றிருக்கும்" என்பார். நூலில் அப்படி இல்லை. அவருக்கு அப்படித்தான். என் குறை வேறு: அந்த நாயகன் ஒருபோதும் தோற்பதில்லை, பெண்கள் வந்தால் வருணனை பக்கக்கணக்கில் நீள்கிறது, கடல் காத்துக் கிடக்கிறது.

எழுதப்படாத நாவல் ஒன்றைத் தம்பிக்குச் சொன்னேன். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன், எங்கள் ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் பிறநாட்டு வணிகருக்காகத் தமிழில் போட்ட சட்டம். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் கெட்டால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. அவ்வளவுதான் கல்.

ஆனால் பாருங்கள், எத்தனை ஆட்கள் அதற்குள் இருக்கிறார்கள். வாடைக் காலத்து இரவில் பாறையில் மோதிய கப்பல். தண்ணீரில் கத்துகிற குதிரைகள். கரையில் பந்தம் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற எங்கள் கடற்கரைச் சனம். எட்டுக் குதிரையில் ஆறு பிழைத்தால் ஆறில் நான்கிலொரு பங்கு எப்படி? ஒன்றரைக் குதிரையை யார் வெட்டிக் கொடுப்பது? அரபுநாட்டு வணிகனுக்கும் பண்டாரத்து அதிகாரிக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒரு பெண்ணை நிறுத்துங்கள். இந்தக் கரையில் பிறந்தவள், நான்கு மொழி பேசுகிறவள், வாய் ஓயாதவள். தம்பி கைபேசியைக் கீழே வைத்துவிட்டான். "இதை யார் அக்கா எழுதியது?" என்று கேட்டான். நான் கல்லைக் காட்டுவேன், கதையை உங்கள் தலைமுறை எழுதட்டும் என்றேன். அவனை ஒரு ஞாயிறு நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். குறிகட்டுவானிலிருந்து படகு.

அந்தத் தீவுப் பேச்சில் இன்னொன்று. பூதத் தீவு எது என்று என் கடைக்கு வருகிற வாசகர்களுக்குள் ஓயாத வழக்கு. போதத் தீவு என்ற பெயர்தான் திரிந்தது என்று கதையில் வருகிறது அல்லவா, அதனால் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இறங்கியதாகச் சொல்லும் மாதகல் சம்பில்துறைப் பக்கமாகத் தேட வேண்டும் என்கிறார் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். நயினாதீவுதான் என்று அடித்துச் சொல்கிற இன்னொருவர் இருக்கிறார். கற்பனைத் தீவுக்கு நிலப்படத்தில் இடம் தேடும் இந்த வழக்கை நான் மிகவும் நேசிக்கிறேன். தன் ஊருக்குள் கதை வந்து போயிருக்கிறது என்று நம்புகிறவர்தான் அந்தக் கதையைக் கடைசி வரை காப்பாற்றுவார்.

வேலைக்கு வருகிறேன். ஓரம் ஒட்ட வெட்டுவதென்றால் மூன்று பக்கமும் அரை அங்குலம் போகும். பென்சிலில் பாதி, நீலத்தில் முக்கால்வாசி, சிவப்பில் ஏறக்குறைய எல்லாம் குப்பைக் கூடைக்குள். நான் கத்தியைத் தொடவில்லை. அந்தப் பெண்ணை வட்ஸ்அப்பில் அழைத்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அம்மப்பாவின் "சரி"யை வாசித்ததும் சிரித்தார். அம்மம்மாவின் வரிக்குப் பேசவில்லை. மாமாவினுடையதை வாசிக்கத் தொடங்கியதும், "அவருடைய எழுத்தா அக்கா? சிவப்பு மையா?" என்று கேட்டார். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் காலையில் ஒரு செய்தி வந்திருந்தது: ஓரம் வெட்ட வேண்டாம்.

ஆகவே தாள்களை இருந்தபடியே வைத்து, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, பழைய துளைகளிலேயே ஊசி ஏற்றித் தைத்தேன். பருத்தி நூல், தேன்மெழுகு பூசியது. பச்சைக் கலிக்கோ முதுகு. ஓரங்கள் ஏறி இறங்கி ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். உடையாமல் இருக்க ஐந்துக்கும் தனித்தனிப் பெட்டி செய்கிறேன். நான்கு கட்டுகள் முடிந்து இப்போது பாரத்தின் கீழ் காய்கின்றன.

இரண்டாம் கட்டு மட்டும் நிற்கிறது. இராமபாணம் துளைத்தது என்று சொன்னேனே, அது தின்றது 'சித்திரங்கள் பேசின' என்ற அத்தியாயத்தின் தாள். பேச்சில்லாத மந்தாகினி தன் கதையைச் சித்திரங்களால் இளவரசருக்குச் சொல்கிற இடம். எழுத்தை வேறு பதிப்பிலிருந்து தட்டச்சுச் செய்து சேர்த்துவிடலாம். ஆனால் நீலக் கோடு ஒன்று தாளின் மேல் விளிம்பில் தொடங்கி அரிப்புக்குள் போய் மறைகிறது. அம்மம்மா அங்கே என்ன எழுதினார் என்பது இனிக் கிடைக்காது. அந்த வாரத்துப் பக்கத்தையாவது அது வெளிவந்த வடிவத்திலேயே வைக்க விரும்புகிறேன். இதை வாசிக்கிறவர்களில் யாருடைய வீட்டிலாவது கல்கி இதழிலிருந்து கழற்றிக் கட்டிய 'சுழற்காற்று' இருந்தால், அந்த அத்தியாயத்துப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். ஓரம் வெட்டாத கட்டு என்றால் ஓரத்தையும் சேர்த்து எடுங்கள். அந்தப் பெண் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி விமானம் ஏறுகிறார்.